கத்தரிக்காய் புளிக்குழம்பு: புளித்தண்ணியை எப்போது ஊற்றுவது?

புளிக்குழம்பில் காய் "நறுக்கு நறுக்கு" என்று நிற்கிறது, எவ்வளவு கொதித்தாலும் வேகவில்லை என்றால், காயையோ அடுப்பையோ குறை சொல்ல வேண்டாம். புளித்தண்ணியை முந்தி ஊற்றிவிட்டீர்கள், அவ்வளவுதான். காய்களின் சதையைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். அது சூட்டில் கரைந்தால்தான் காய் மெத்தென்றாகும். புளிப்பு அதைக் கரையவிடாது. அதனால் முக்கால் பதம் எண்ணெயிலேயே வெந்த பிறகுதான் காய் புளியைச் சந்திக்க வேண்டும். இந்தக் குழம்பில் மற்ற எதில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சமாளித்துவிடலாம், இதில் முடியாது.

நாலு பேருக்கான அளவு இது. பிஞ்சுக் கத்தரிக்காய் கால் கிலோ, புளி 30 கிராம் (சின்ன எலுமிச்சை அளவு), உரித்த சின்ன வெங்காயம் 20, பூண்டு 10 பல், நடுத்தரத் தக்காளி 1, நல்லெண்ணெய் 5 மேசைக்கரண்டி. மிளகாய்த்தூள் ஒன்றரை தேக்கரண்டி, மல்லித்தூள் 3 தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி. வீட்டில் சேர்த்து அரைத்த குழம்புத்தூள் இருந்தால் மிளகாய்த்தூள், மல்லித்தூளுக்குப் பதில் அதில் ஒன்றரை மேசைக்கரண்டி போதும். தாளிக்கக் கடுகு அரை தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, இரண்டு இணுக்குக் கறிவேப்பிலை. கல்லுப்பு, சுண்டைக்காய் அளவு வெல்லம். எண்ணெய் அதிகமோ என்று தோன்றும். குறைத்தால் குழம்பு ரசத்துக்கு அண்ணனாகத்தான் வரும்.

புளியை ஒரு கப் வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டுங்கள். சக்கையில் இன்னும் ஒரு கப் தண்ணீர் விட்டு இரண்டாம் முறை பிழிந்து அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் இருந்த பழைய புளி கறுத்து, குழம்புக்கு ஆழமான நிறம் தரும். புதுப்புளியில் நிறம் வெளிறித் தெரியும். அதற்காகப் புளியைக் கூட்டிவிடாதீர்கள். "கொதிக்கக் கொதிக்கப் புளிப்பு குறைந்துவிடும்" என்று பலர் நினைப்பதும் சரியில்லை. கொதியில் போவது புளியின் பச்சை வாசனை மட்டும். புளிப்பைத் தரும் டார்டாரிக் அமிலம் ஆவியாகிப் போவதில்லை. தண்ணீர் வற்றுவதால் புளிப்பு இன்னும் ஏறத்தான் செய்யும். ஆகவே கரைத்த தண்ணியை நாக்கில் வைத்துப் பார்க்கும்போது ஒரு படி குறைவாக இருப்பதே நல்லது.

கத்தரிக்காய் வாங்கும்போது தோல் மினுமினுப்பாக, காம்பு பச்சையாக இருக்கிறதா பாருங்கள். தோல் மங்கியிருந்தால் உள்ளே விதை முற்றியிருக்கும், கசக்கும். காம்பை ஒட்ட வைத்து நாலாகக் கீறி, உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள், கறுக்காது. வதக்கும் முன் ஈரத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் எண்ணெய் தெறிக்கும்.

மண்சட்டியோ அடி கனத்த எவர்சில்வர் பாத்திரமோ எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியமும் இரும்பும் புளியோடு சேர்ந்தால் குழம்பில் உலோக வாடை இறங்கும். நல்லெண்ணெய் காய்ந்ததும் முதலில் கத்தரிக்காயை மிதமான தீயில் 7, 8 நிமிடம் புரட்டுங்கள். தோல் சுருங்கி, கத்தி முனை சிரமமில்லாமல் இறங்க வேண்டும். அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் கடுகு போட்டு வெடித்த பிறகு வெந்தயம். வெந்தயம் பொன்னிறத்துக்கு மேல் ஒரு நொடி போனாலும் கசந்துவிடும், பிறகு எந்த வெல்லமும் அதை மறைக்காது. அதனால் சிவக்கத் தொடங்கும்போதே கறிவேப்பிலையையும் வெங்காயத்தையும் கொட்டிச் சூட்டை இறக்குங்கள்.

வெங்காயமும் பூண்டும் ஓரம் சிவக்க வதங்கியதும் தக்காளி சேர்த்து, குழைந்து எண்ணெய் கசியும்வரை காத்திருங்கள். தீயைக் குறைத்துத் தூள்களைப் போட்டு அரை நிமிடம் பிரட்டினால் போதும். மிளகாயின் நிறம் எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் இறங்காது. தீ அதிகமாக இருந்தால் தூள் கருகிக் குழம்பு கறுப்பாகும், தொண்டையைக் கமறும். பயமாக இருந்தால் ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

இப்போது புளித்தண்ணி, உப்பு, கூடவே அரை கப் தண்ணீர். முதல் 10 நிமிடம் மூடாமல் நன்றாகக் கொதிக்கட்டும். பச்சை வாசனை போனதும் கத்தரிக்காயை இறக்கி, தீயைச் சிம்மில் வைத்து இன்னும் 10 நிமிடம். சட்டி ஓரத்தில் எண்ணெய் வளையம் கட்டி மேலே மிதந்தால் குழம்பு தயார். கடைசியில் வெல்லம் போட்டு ஒரு கொதி. வெல்லம் இனிப்புக்காக இல்லை, புளிப்பின் கூர்மையை மழுக்க மட்டும்.

புளிப்பு மிஞ்சிவிட்டால் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பும் காரமும் சேர்ந்து சப்பென்று போய்விடும். இரண்டு மேசைக்கரண்டி தேங்காயை மைய அரைத்து விட்டு 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள். குழம்பு நீர்த்துவிட்டால் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றலாம்.

வெண்டைக்காய்க்கும் இதே வரிசைதான். துண்டுகளை வழவழப்பு போகும்வரை வதக்குங்கள், கொஞ்சநஞ்சம் மிச்சமிருப்பதைப் புளி பார்த்துக்கொள்ளும். முருங்கைக்காயை எண்ணெயில் வதக்கி வேகவைக்க முடியாது. உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் முன்கூட்டியே அவித்து, அந்தத் தண்ணீரையே குழம்பில் சேருங்கள்.

இறக்கியவுடன் பரிமாறாமல் குறைந்தது ஒரு மணி நேரம் விட்டால் காய்க்குள் காரமும் உப்பும் இறங்கும். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். தேங்காய் சேர்க்காத குழம்பு, ஈரக்கரண்டி படாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் 3 நாள் தாங்கும். தேங்காய் அரைத்து ஊற்றியதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.