செல்டன்ஹாம் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு: குதிரையில் பங்கு வைத்திருப்பவர்களுக்கு

இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் நடக்கும் குதிரைப் பந்தயத் திருவிழாவில் நம் குதிரை ஓடப்போகிறதா இல்லையா என்பது, ஓட்டத்துக்கு 48 மணி நேரம் இருக்கும்போதுதான் உறுதியாகும். ஊரில் தங்கும் அறைகளோ பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். குதிரையில் பங்கு வைத்திருக்கும் குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடைவெளியில்தான். நாங்கள் கடைப்பிடிப்பது, குதிரை ஓடாது என்று வைத்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிடுவது. ஓடினால் அதற்கு மேல் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஓடும் என்று நம்பி எல்லாவற்றையும் அமைத்துவிட்டால், குதிரைக்கு லேசாக இருமல் வந்த அன்று வீட்டில் எல்லோரும் பயிற்சியாளரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஓட்டிவிடலாமே" என்ற அந்த அழுத்தம் குதிரைக்கு ஆகாது.

திருவிழா மார்ச் மாத நடுவில், செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாள். மொத்தம் 28 ஓட்டங்கள், ஒன்றைத் தவிர எல்லாமே தடை தாண்டும் ஓட்டங்கள்: தாழ்ந்த தடைகள் என்றால் ஹர்டில், உயர்ந்த தடைகள் என்றால் சேஸ். செவ்வாய் சாம்பியன் ஹர்டில், புதன் குயின் மதர் சாம்பியன் சேஸ், வியாழன் ஸ்டேயர்ஸ் ஹர்டில், வெள்ளி கோல்டு கப். நாம் எந்த நாள் போகிறோம் என்பதைக் குதிரைதான் முடிவு செய்யும். 2 மைல் ஓடும் ஹர்டில் குதிரைக்கு ஒரு நாள், 3 மைலுக்கு மேல் தாங்கும் சேஸ் குதிரைக்கு வேறொரு நாள். சில குதிரைகளுக்கு இரண்டு மூன்று ஓட்டங்களில் பெயர் கொடுத்து வைப்பார்கள். அப்படியானால் புதனா வெள்ளியா என்பதே கடைசி வாரம் வரை தெரியாது. "முதல் தேர்வு எது, எந்தக் காரணத்துக்காக இரண்டாவதுக்கு மாறுவீர்கள்" என்று ஜனவரியிலேயே பயிற்சியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் காரணம் தரையின் ஈரமாகத்தான் இருக்கும்.

பெயர் கொடுப்பது ஒரு தடவையோடு முடிகிற வேலையல்ல. பெரிய சாம்பியன்ஷிப் ஓட்டங்களுக்கு ஜனவரியிலேயே நுழைவு முடிந்துவிடும். அதன் பிறகு, குதிரையை வைத்துக்கொள்கிறோமா எடுத்துவிடுகிறோமா என்று சொல்ல வேண்டிய கட்டங்கள் வரும். ஒவ்வொரு கட்டத்தையும் தாண்டத் தாண்டச் செலவு கூடும். ஓட்டத்துக்கு ஆறு நாள் முன்பு ஓர் உறுதிப்படுத்தல், கடைசியாக, ஓடுகிறது என்று அறிவிக்கும் 48 மணி நேர டிக்ளரேஷன். செவ்வாய் ஓட்டத்துக்கு ஞாயிறு காலை 10 மணி, வெள்ளி ஓட்டத்துக்குப் புதன் காலை 10 மணி. இதெல்லாம் பயிற்சியாளரின் அலுவலகம் செய்கிற வேலை. ஆனால் தேதிகள் நம் நாட்காட்டியிலும் இருக்க வேண்டும். வீட்டில் எப்போது என்ன தகவல் வரும் என்று சொல்லி வைத்தால் பாதிப் பதற்றம் குறையும்.

ஹேண்டிகேப் ஓட்டமாக இருந்தால் இன்னொரு கண்டம் இருக்கிறது. ரேட்டிங் (குதிரையின் திறனுக்குத் தரும் மதிப்பெண்) உயர்ந்த குதிரைக்கு அதிக எடை, தாழ்ந்ததற்குக் குறைந்த எடை என்று வரிசை போடுவார்கள். ஓடுகிற குதிரைகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. அதைவிட அதிகம் பேர் டிக்ளேர் செய்தால் வரிசையின் அடியில் இருப்பவை கழிக்கப்படும். ரேட்டிங் 130-ஐ ஒட்டி நிற்கும் குதிரைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். குதிரை நல்ல உடல்நிலையில் இருக்கும், பயிற்சியாளரும் தயார், ஆனாலும் இடம் கிடைக்காது. கவுன்டி ஹர்டில் போன்ற ஓட்டத்தை மட்டுமே நம்பியிருப்பவர்கள், "இந்த எடை வரிசையில் நமக்கு மேலே எத்தனை குதிரைகள் வேறு ஓட்டத்துக்குப் போகக்கூடும்" என்று ஆறு நாள் கட்டத்தில் எண்ணிப் பார்த்தால் ஓரளவு கணிக்கலாம்.

இனி அறையும் டிக்கெட்டும். ரத்து செய்யக்கூடிய அறையாக மட்டும் எடுங்கள். செல்டன்ஹாமிலேயே வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். குளோஸ்டர், வோர்ஸ்டர், ஈவ்ஷம் எல்லாம் பக்கம்தான். லண்டன் பேடிங்டனிலிருந்து செல்டன்ஹாம் ஸ்பாவுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். ஸ்டேஷன் ஊரின் ஒரு பக்கம், பந்தயத் திடல் மறுபக்கம் பிரஸ்ட்பரியில். திருவிழா நாளில் பேருந்துகள் விடுவார்கள். ஆனால் குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அந்த வரிசைக்கு நேரம் ஒதுக்க வேண்டும். 2025-ல் ஒரு நாளைக்கு 68,500 பேர் என்று கூட்டத்துக்கு வரம்பு இருந்தது. அத்தனை பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வந்து சேர்வார்கள்.

உரிமையாளர்களுக்கான நுழைவு அட்டையான பேட்ஜ், குதிரை ஓடினால்தான். ஒரு குதிரைக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. அதை நம் குடும்ப அளவைப் பார்த்துக் கூட்டித் தரமாட்டார்கள். பலர் சேர்ந்து குதிரை வைத்திருக்கும் சிண்டிகேட்டாக இருந்தால் பேட்ஜ்களைப் பகிர்வது அதன் மேலாளர். பன்னிரண்டு பங்குதாரர் இருக்கிற குதிரைக்கு ஒவ்வொருவரும் மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார் என்று வந்தால், ஓட்டத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் பேடாக்கின் புல்வெளி தாங்காது. எனவே சிண்டிகேட்டில் சேரும்போதே ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களைப் படித்துப் பாருங்கள்: பேட்ஜ் சுழற்சி முறையா, குலுக்கலா? பேடாக்குக்குள் போகும் உரிமை பேட்ஜோடு சேர்ந்து வருகிறதா, தனியா? பேட்ஜ் இல்லாத குடும்பத்தினருக்குச் சாதாரண டிக்கெட் முன்பே வாங்கி வைத்துவிடுவதுதான் நல்லது. குதிரை ஓடாமல் போனாலும் அந்த நாள் வீணாகாது. பிள்ளைகளின் வயதுக்கு எந்தப் பகுதியில் என்ன விதி என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

குதிரையின் காகிதம் நம் கையில் இருக்காது, ஆனாலும் அதில் கோளாறு வந்தால் நம் பயணம் போய்விடும். திடலுக்கு வந்ததும் மைக்ரோசிப்பைப் படித்து, குதிரையின் அடையாளப் புத்தகமான பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு, இன்ஃப்ளூயன்சா தடுப்பூசித் தேதிகளைப் பார்ப்பார்கள். இடைவெளி ஒரு நாள் பிசகினாலும் ஓட அனுமதி இல்லை. ஊசி போட்ட நாளும் அதை அடுத்த 6 நாளும் ஓடக் கூடாது என்பதால் கடைசி வாரத்தில் சரிசெய்யவும் முடியாது. புதிதாக வாங்கிய குதிரை, அல்லது பயிற்சியாளர் மாறிய குதிரை என்றால் பிப்ரவரியிலேயே ஒருவர் பாஸ்போர்ட்டின் தடுப்பூசிப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டாரா என்று கேட்பதில் தப்பே இல்லை.

குழந்தைகளோடு லாயத்துக்குப் போகிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறோம். குதிரைக்கு நீங்களாக எதையும் கொடுக்காதீர்கள். சாக்லேட்டில் இருக்கும் தியோப்ரோமின், காபி, தேநீரில் இருக்கும் காஃபீன் இரண்டும் தடைசெய்யப்பட்டவை. கசகசாவிலிருந்து வரும் மார்ஃபின் சுவடும் சோதனையில் தெரியும். நம் வீட்டுச் சமையலில் கசகசா சாதாரணம் என்பதால் இது நமக்கு இன்னும் முக்கியம். 1979-ல் நோ பாம்ப்ஸ் என்ற குதிரை ஒரு மார்ஸ் சாக்லேட்டைத் தின்றதால் ஜெயித்த ஓட்டத்தை இழந்தது. குழந்தை அன்போடு நீட்டிய துண்டு என்று சொன்னாலும் ஆய்வகத்தின் முடிவு மாறாது. கையைக் கழுவிவிட்டுத் தடவிக்கொடுங்கள், அது போதும். திடலில் குதிரைகள் தங்கும் லாயத்துக்குள் நாம் நினைத்தபடி போக முடியாது. அங்கே காவல் கடுமை.

ஓட்ட நாள் காலையிலும் எதுவும் நடக்கலாம். காலில் லேசான வீக்கம், மூச்சுக்குழாயில் சளி, இரவு மழையில் மாறிவிட்ட தரை. 2001-ல் கால்-வாய் நோய் பரவியதால் திருவிழாவே நடக்கவில்லை. 2008-ல் பலத்த காற்றினால் புதன்கிழமை ஓட்டங்களை மற்ற இரண்டு நாட்களுக்கு மாற்றினார்கள். அறையை ஒரு நாள் நீட்டிக்க வழி இருக்கிறதா என்று கேட்டு வைப்பது இதற்குத்தான்.

உடை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2023 முதல் முறையான உடைக்கட்டுப்பாடு இல்லை. ஆனால் க்ளீவ் ஹில் பக்கமிருந்து மார்ச் மாதக் காற்று இறங்கும்போது அழகு காப்பாற்றாது. பேடாக்கின் நடுவில் புல்வெளி, முந்தின நாள் மழையில் ஊறியிருக்கும். ஊசிக் குதிகால் செருப்பு அப்படியே புதையும். புடவை கட்டுகிறவர்கள் தலைப்பைக் கோட்டுக்குள் அடக்கிவிடுங்கள். படபடக்கும் துணியும் பட்டென்று விரியும் குடையும் குதிரையை மிரட்டும்.

நம் ஓட்டத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போதே சேணம் பூட்டும் பக்கம் போய்விடுங்கள். கூட்டம் கவனிக்காத இடம் அது. குதிரையின் நிலை அங்கே தெரிவது போல வேறெங்கும் தெரியாது. ஜாக்கி சேணத்தோடு எடை பார்த்து முடித்ததும் பயிற்சியாளர் அதை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருவார். முதுகில் முதலில் வழுக்காத பஞ்சு விரிப்பு, ஈயத் தகடு செருகிய எடைத் துணி, எண் துணி, மேலே சேணம். கோல்டு கப்பில் ஆண் குதிரைகளுக்கு 11 ஸ்டோன் 10 பவுண்டு, அதாவது 74 கிலோவுக்குச் சற்று மேல். ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அதற்குக் குறைந்தால் மீதியை ஈயம் நிரப்பும். வயிற்று வாரை இழுத்துக் கட்டிய பிறகு, முன்னங்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி முன்னால் இழுத்து நீட்டுவார்கள். பார்ப்பவர்களுக்கு உடற்பயிற்சி போலத் தோன்றும். வாருக்கு அடியில் மடிந்து மாட்டிக்கொண்ட தோலை விடுவிக்கத்தான் அது. விட்டுவிட்டால் ஓடும்போது கிள்ளும், புண்ணாகும். கடைசியில் பஞ்சை நனைத்து வாயைத் துடைப்பார்கள். அந்த ஐந்து நிமிடம் பயிற்சியாளரிடம் எதுவும் கேட்காதீர்கள். பின்னங்கால்களின் நடுவில் நுரை தட்டியிருக்கிறதா, காது எப்படித் திரும்புகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வெள்ளையாக வியர்த்துப் பதறும் குதிரை ஓட்டத்தின் பாதியை அங்கேயே செலவழித்துவிடுகிறது.

பேடாக்கில் நம் ஜாக்கியைக் கண்டுபிடிப்பது சட்டையின் நிறத்தை வைத்து. ஒரே உரிமையாளருக்கு இரண்டு குதிரை ஓடினால் இரண்டாவது ஜாக்கியின் தொப்பி வேறு நிறம். ஜாக்கி தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வார். இரண்டு வார்த்தை பேசலாம். ஓட்டும் முறையைச் சொல்வது பயிற்சியாளர் பொறுப்பு. மணி அடித்ததும் ஏற்றிவிடுவார்கள்.

பெரும்பாலானவர்கள் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். குதிரை திடலுக்குள் போகும்வரை நின்று படம் எடுத்துவிட்டு, கூட்டத்துக்குள் மாட்டி, முதல் தடையையே பார்க்காமல் விடுவார்கள். ஒருவர் மட்டும் கடைசிவரை நிற்கட்டும். மற்றவர்கள் ஜாக்கி ஏறியதுமே கிளம்பி, காலையிலேயே பார்த்து வைத்த இடத்துக்குப் போகட்டும். போன் சிக்னலை நம்பாதீர்கள். சேரும் இடத்தை நேரில் காட்டி வையுங்கள். செவ்வாய் முதல் ஓட்டம் கிளம்பும்போது எழும் அந்தப் பெருமுழக்கம் சின்னக் குழந்தையை அழவைக்கும். காதுக்கவசம் கொண்டுபோங்கள்.

திடல் இடப்புறமாகச் சுற்றும். செவ்வாய், புதன் பழைய பாதை. வியாழன், வெள்ளி புதிய பாதை. சரிவில் இறங்கி வரும் வேகத்தில் கடைசிக்கு முந்தைய தடைகளில் விழுகிற குதிரைகள் அதிகம். கடைசித் தடைக்குப் பிறகு முடிவுக் கோடு வரை ஏற்றம். முன்னால் வருகிற குதிரை அங்கே நடைபோடுவது போல ஆகி, பின்னால் வந்தது தாண்டிப் போவது இங்கே அடிக்கடி நடப்பது. சின்ன உரிமையாளர்கள் இந்த ஏற்றத்தை விரும்ப ஒரு காரணம் உண்டு. வேல்ஸ் பால் பண்ணையாளர் சிர்ரெல் கிரிஃபித்ஸ் தானே பயிற்சி கொடுத்த நார்ட்டன்ஸ் காயின், 1990 கோல்டு கப்பை 1-க்கு 100 என்ற பந்தய விலையில், அதாவது யாரும் எதிர்பார்க்காத குதிரையாக, ஜெயித்தது இதே ஏற்றத்தில்தான்.

குதிரை விழலாம் என்பதை வீட்டிலேயே பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டி வாருங்கள். விழுந்த இடத்தில் பச்சைத் திரை வைத்தால் அது மருத்துவர்கள் வேலை செய்ய. அந்தப் பக்கம் ஓடாதீர்கள். பயிற்சியாளரின் போனுக்குக் காத்திருங்கள். பல சமயம் குதிரை சும்மா மூச்சு வாங்கப் படுத்திருக்கும்.

முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் வெற்றியாளர் வளாகத்துக்குப் போகலாம். அங்கே ஜாக்கி சேணத்தைக் கழற்றிக்கொண்டு உடனே எடை பார்க்கப் போக வேண்டும். அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்தக் கூடாது, வேறு யாரும் சேணத்தைத் தொடவும் கூடாது. அடுத்த ஓட்டம் இருந்தால் பேச அவருக்கு இரண்டு நிமிடம்கூட இருக்காது. "தரை எப்படி இருந்தது, எங்கே களைத்தது" என்ற இரண்டு கேள்வி போதும். எடை சரி என்ற அறிவிப்பு வந்த பிறகு கொண்டாடுங்கள். பரிசுப் பணம் ஜாக்கி, பயிற்சியாளர், லாயப் பணியாளர் பங்குகள் போக, பந்தயக் கணக்குகளைப் பார்க்கும் வெதர்பிஸ் நிறுவனக் கணக்கில் பின்னால் வரும்.

மறுநாள் காலை கிளம்புவதற்கு முன் லாயத்துக்கு ஒரு போன் போடுங்கள். இரவுத் தீவனத்தை முழுதும் தின்றதா, கயிற்றில் பிடித்து ஓட்டிப் பார்த்தபோது நான்கு காலும் சமமாக விழுகிறதா என்று கேளுங்கள். தொட்டியில் தீவனம் மிச்சமிருந்தால், அடுத்த ஓட்டத்தைப் பற்றி அந்த வாரம் யாரும் பேச வேண்டாம்.