கால் மரத்துப்போனால் விட்டமின் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்

அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து பல வருடம். அதற்கு மெட்ஃபோமின் மாத்திரை குடித்துக்கொண்டுதான் கொழுந்தெடுக்கப் போகிறார். தேயிலைச் செடியை வெட்டிவிட்ட கவ்வாத்து மலையில் குச்சி ஒன்று உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. லயத்துக்கு வந்து கால் கழுவும்போது தண்ணீர் சிவப்பானதைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது.

கிளினிக்கில் "சீனி இருந்தா கால் அப்படித்தான்" என்று ஒரு விட்டமின் மாத்திரையை எழுதி, வெளியே வாங்கச் சொன்னார்கள். பார்மசியில் "அதே மாதிரிதான்" என்று வேறொரு அட்டையைத் தந்தார்கள். மாதக்கணக்கில் குடித்தும் போர்வை பட்டாலே கால் எரிகிறது என்று ராத்திரியெல்லாம் அழுவார்.

புதிதாக வந்த டாக்டர் ஒருவர்தான் கிளினிக் கொப்பியை முதலிலிருந்து புரட்டினார். நைலோன் நூல் மாதிரி ஒன்றை உள்ளங்காலில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு பட்டதும் சொல்லச் சொன்னார். பெருவிரலில் நூல் வளைகிற அளவுக்கு அழுத்தியும் அம்மா பேசவே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மெட்ஃபோமினை நெடுநாள் குடித்தால் சாப்பாட்டில் உள்ள பி12 உடம்பில் சேர்வது குறையும், காஸ்ட்ரிக்குக்குக் குடிக்கிற ஒமெப்ரசோலும் அப்படித்தான், பி12 குறைந்தாலும் கால் இப்படி மரக்கும் என்று தமிழிலேயே விளக்கினார். பார்மசி அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பி1, பி6 மட்டும்தான்!

இரத்தச் சோதனை வெளியில்தான். டவுன் லேபில் காசை வாங்கிக்கொண்டு இரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் எடுக்கப் போனால், இரத்த அணுக்களின் எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. டாக்டர் எழுதித் தந்த துண்டில் பி12 என்று தெளிவாக இருந்தது. "அது கொழும்புக்கு அனுப்பணும், இன்னொரு நாள் வாங்க" என்று கவுன்டரில் இருந்தவர் தலை நிமிராமலே சொன்னார். அம்மாவுக்கு இன்னொரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனது. நான் விடவில்லை, திரும்பக் காசு கட்டாமலே எடுக்க வைத்தேன்.

பி12 அளவு 200க்கும் (pg/mL) கீழே, குறைவுதான். பி12 ஊசி போட்டார்கள், அப்புறம் மெத்தில்கோபாலமின் என்கிற பி12 மாத்திரை. எரிச்சல் குறைந்து இப்போது தூங்குகிறார். பெருவிரலுக்கு உணர்ச்சி வரவில்லை. சீனியால் கெட்ட நரம்பை விட்டமின் திருப்பித் தராது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

பி12 மாத்திரை தொடங்குவதற்கு முன்பே இரத்தம் எடுங்கள், பிறகு எடுத்தால் அளவு கூட்டிக் காட்டும். பி6ஐக் கூடுதலாக நெடுநாள் குடித்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். மெட்ஃபோமினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கிளினிக்குக்குப் போகும்போது வெளியில் வாங்கின மாத்திரை அட்டைகளையும் கொப்பியோடு கொண்டுபோங்கள்.