எந்தக் காகிதம் திரும்பி வரும்

ஜூலை 19, சனி

பொறியியல் கலந்தாய்வில் மகளுக்கு ஒதுக்கீடு வந்துவிட்டது. கொங்குப் பக்கம் ஓர் அரசு பொறியியல் கல்லூரி, எலக்ட்ரிகல் பிரிவு. அவள் வரிசைப்படுத்திக் கொடுத்ததில் மூன்றாவது. ‘ஏற்றுக்கொண்டு சேர்கிறேன்’ என்று கொடுத்தால் நேரே கல்லூரிக்குப் போய்ப் பணம் கட்டிச் சேர வேண்டும். ‘ஏற்கிறேன், மேலே இடம் காலியானால் மாற்றுங்கள்’ என்று கொடுத்தால் கலந்தாய்வு சேவை மையத்தில் பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் கெடு சில நாள்தான். தவறினால் இடம் போச்சு. மகள் யோசிக்கவே இல்லை, சேர்கிறேன் என்று கொடுத்துவிட்டாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

என் மாமியார்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “ஆடி பொறந்து மூணு நாளாகல, பிள்ளைய ஊரு தாண்டி அனுப்புறீகளா?” அரசாங்கம் ஆடி பார்க்காது அத்தை என்றேன். வியாழக்கிழமை ஆடி அமாவாசை, அன்றைக்கென்றால் சரி என்று அவரே நாள் குறித்துக் கொடுத்தார். அதுவும் கெடுவுக்குள்தான் வருகிறது.

ஜூலை 20, ஞாயிறு

தகரப்பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பியாயிற்று. செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் சாமான் பரப்பின மாதிரி கால் வைக்க இடமில்லை. பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், ஒதுக்கீட்டு ஆணை.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் எதை எடுத்துப் போவது என்று மட்டும் சொல்கின்றன. எனக்குத் தெரிய வேண்டியது வேறு: எது கல்லூரியிலேயே தங்கிவிடும், எது கையோடு திரும்பி வரும்? அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே அறிவித்திருக்கிறது. அங்கேயே தங்குவது டிசி, அதாவது மாற்றுச் சான்றிதழ். அதனால் அதைக் கொடுக்குமுன் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். ஜெராக்ஸும் தாராளமாக எடுக்க வேண்டும், பின்னால் உதவித்தொகைக்குக் கேட்பார்கள்.

சின்னவன் சாதிச் சான்றைக் கையில் எடுத்து, லேமினேட் பண்ணிக் கொண்டு வரட்டுமா என்றான். வேண்டவே வேண்டாம். இ-சேவையில் வந்த சான்று கிழிந்தால் மறுபடி அச்செடுத்துக்கொள்ளலாம், மதிப்பெண் சான்றிதழ் அப்படியில்லை. எல்லாம் பிளாஸ்டிக் உறை வைத்த கோப்புக்குள் போயிற்று.

ஜூலை 21, திங்கள்

பள்ளியில் டிசி வாங்கினோம். வாங்கின இடத்திலேயே நின்று வாசித்தேன், எழுத்தருக்குப் பிடிக்கவில்லைதான். பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் பத்தாவது சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டுமே. மச்சம் வலது முழங்கையில். இதில் இடது என்றிருந்தது. திருத்தி வாங்க மதியமாகிவிட்டது.

நடத்தைச் சான்றும், ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை இங்கேதான் தமிழ்வழியில் படித்தாள் என்ற சான்றும் சேர்த்தே கேட்டு வாங்கினேன். இந்த இரண்டாவதை ஏன் வாங்கினேன் என்று பிறகு சொல்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

இன்றைக்குக் கையெழுத்து நாள்.

முதல் பட்டதாரிச் சான்று ஏற்கெனவே கையில் இருக்கிறது, விண்ணப்பிக்கும்போதே எடுத்தது. கட்டணம் 60 ரூபாய், பாடுதான் அதிகம். இ-சேவைக்கு ஓடிபி வர வேண்டும். பிள்ளைங்க அப்பா ஆதாரில் இருந்ததோ எப்போதோ தொலைந்துபோன சிம்மின் எண். அதை மாற்றப் போனால் விரல் ரேகை விழவில்லை. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் இத்தனை வருஷம் ஈரச் சிமெண்டில் கை வைத்தவர். கண்ணாடி மேல் சாயக்கலவை ஊற்றிப் பூப்போடுகிற கை, மெஷினுக்கு மொட்டையாகத் தெரிந்திருக்கிறது. கடைசியில் கருவிழியை வைத்துத்தான் வேலை முடிந்தது. கட்டட வேலை, பட்டறை வேலை பார்க்கும் வீட்டுக்காரர்கள் இதை விண்ணப்ப நேரம் வரை தள்ளிப்போடாமல் ஏப்ரல் மாதமே முடித்துவிடுங்கள்.

கல்லூரிக்கு அந்தச் சான்றோடு ஒரு கூட்டு உறுதிமொழியும் வேண்டும். குடும்பத்தில் இதற்கு முன் பட்டதாரி யாருமில்லை என்று பிள்ளையும் பெற்றவரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவது. மாமனார் ஐந்தாவது, அத்தை பள்ளிக்கூடம் போனதில்லை, இவர் ஒன்பது, நான் பன்னிரண்டு. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தக் கட்டணச் சலுகை என்று படித்ததும் சின்னவன், “அப்ப எனக்கு?” என்றான். உனக்கு உங்க அக்கா இருக்கா என்றார் இவர். அவனுக்கு அது போதவில்லை, நியாயம்தான்.

அப்புறம் ராகிங் தடுப்பு உறுதிமொழி. மாணவி ஒன்று, பெற்றோர் ஒன்று. 2009 யுஜிசி விதிப்படி ஒவ்வொரு கல்வியாண்டும் கொடுக்க வேண்டும். இணையத்தில் நாமே நிரப்பலாம், காசு இல்லை. காரைக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இதற்கு 200 ரூபாய் கேட்டார்கள். போனிலேயே நிரப்பி, மின்னஞ்சலில் வந்ததை அச்செடுக்க மட்டும் காசு கொடுத்தேன்.

நிரப்பும்போது கை கொஞ்சம் நின்றது. 1996-ல் நாவரசு என்ற மருத்துவ மாணவரைச் சிதம்பரத்தில் கொன்றார்கள். அப்போது நான் பள்ளியில் படித்தேன், ஊரெல்லாம் அதே பேச்சு. மறு வருஷமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இந்தப் படிவத்தை வெறும் சம்பிரதாயமாக நிரப்ப எனக்கு வரவில்லை. 1800-180-5522 என்ற உதவி எண்ணை மகள் போனிலும் என் போனிலும் பதிந்து வைத்தேன். “அதெல்லாம் இப்ப யாரும் பண்றதில்லம்மா” என்றாள். பண்ணாமலே இருக்கட்டும், எண் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 23, புதன்

விடுதிக்கு உடல்தகுதிச் சான்று, இரத்த வகை. கட்டணத்துக்கு வங்கியில் டிடி, அதாவது வரைவோலை, எடுத்தாயிற்று. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கவுண்டரில் திருப்பிவிடுவார்கள் என்பதால் கல்லூரி அறிவிப்பை அப்படியே காட்டி எடுத்தோம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு ஸ்டாம்பு சைஸும் எடுத்தது நல்லதாகப் போயிற்று, விடுதிப் படிவத்தில் அதைத்தான் கேட்கிறார்கள். வாளி, பூட்டு, போர்வை எல்லாம் அங்கேயே கிடைக்கும். சுடிதார் என் தையல். தேன்குழலும் சீப்புச்சீடையும் அத்தை கைப்பக்குவம், ஒரு தூக்கு நிறைய.

ராத்திரி பஸ்.

ஜூலை 25, வெள்ளி

நேற்று சேர்த்தாயிற்று, இன்று காலை திரும்பினோம். சரிபார்ப்பு மேசையில் நகல் ஒவ்வொன்றிலும் மகளே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால் அரைமணி மிச்சம். டிசியை எடுத்துக்கொண்டார்கள், மதிப்பெண் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்தார்கள். கொடுத்தவற்றுக்கு ஒப்புகை கேட்டேன். தனியாகத் தரும் வழக்கமில்லை என்றவர், என் பட்டியலிலேயே முத்திரை வைத்துத் தந்தார். போதும்.

அத்தை போனில் கேட்டது ஒன்றே ஒன்று, சீடை நொறுங்காமல் போய்ச் சேர்ந்ததா என்று.

ஜூலை 28, திங்கள்

சேர்ந்ததோடு வேலை முடியவில்லை. தமிழ்வழிச் சான்று வாங்கியது புதுமைப்பெண் திட்டத்துக்கு. மாதம் 1,000 ரூபாய். 2022-ல் தொடங்கியபோது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் இருந்தது, அரசு உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளுக்கும் 2024 கடைசியில் நீட்டித்தார்கள். விண்ணப்பம் கல்லூரி மூலமாகத்தான் போகும்.

பணம் வருவது ஆதாரோடு இணைந்த கணக்குக்கு. புத்தகத்தில் ஆதார் எண் அச்சாகியிருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. அரசுப் பணத்துக்கான இணைப்பைத் தனியாகக் கேட்டுப் போட வேண்டும். இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக எதை இணைத்தோமோ அதில்தான் விழும். மகளுக்குச் சின்ன வயதில் தொடங்கிய கணக்கு ஒன்று இருக்கிறது, எது இணைந்திருக்கிறது என்று நாளை காரைக்குடி கிளையில் கேட்க வேண்டும்.

வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். உதவித்தொகை விண்ணப்பம் திறப்பதற்குள் காலாவதியாகாது, பார்த்துவிட்டேன். அடுத்த மே மாதத்தில் புதிதாக எடுக்க வேண்டும் என்று காலண்டரில் குறித்தாயிற்று.

சின்னவன் பத்தாவது. அவன் ஆதாரில் இன்னும் பழைய எண்தான் இருக்கிறது, வங்கிக்குப் போகும்போது அவனையும் கூட்டிப் போக வேண்டும்.