தம்பலகாமத்துச் சிப்பியும் இரண்டு ஆசிரியர்களும்

எங்கள் கட்டுரை ஒருவழியாக வெளிவந்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் அதற்காக அலைந்த அலைச்சலும் நடுவில் கிடைத்த ஒரு நிராகரிப்புக் கடிதமும் இன்னும் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கின்றன. திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ இருந்துகொண்டு முதல் தடவையாக ஒரு சர்வதேச ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பப் போகிறவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன். சக மதிப்பாய்வு என்றால் என்ன என்று விளக்கப் போவதில்லை. அதே துறையின் வேறு ஆய்வாளர்கள் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்வது என்ற அளவில் அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மதிப்பாய்வை நடத்தி, கட்டுரையை ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் கல்விசார் ஆசிரியரைப் பற்றித்தான் நம்மிடம் யாரும் வாய் திறப்பதில்லை.

ஆய்வு திருகோணமலையின் தம்பலகாமக் குடாவில் வாழும் பிளாகுனா பிளாசென்டா என்ற சிப்பியைப் பற்றியது. ஓடு இரண்டும் தட்டையாக, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக இருக்கும். அளவுமானியைக் கொஞ்சம் இறுக்கினாலும் ஓரம் நொறுங்கிவிடும் என்பதால் படகின் அணியத்தில் ஈரச்சாக்கை விரித்து, அதன்மேல் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் அளந்தோம். 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சிப்பியிலிருந்து கிடைக்கும் சிறு முத்துக்களுக்காகவே இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. அப்படிப்பட்ட குடாவின் இன்றைய நிலையை எழுதுவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்காது என்று நம்பியிருந்தோம்.

கட்டுரையைத் தரவேற்றியது ஒரு மாலை வேலை. சிக்கல் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

முதலில் வருவது தொழில்நுட்பச் சரிபார்ப்பு. இதைச் செய்கிறவர்கள் இதழின் சம்பளம் வாங்கும் அலுவலர்கள், ஆசிரியர்கள் அல்லர். மாதிரி சேகரித்த இடம் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறதா, வராவிட்டால் அதை உறுதிப்படுத்தும் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. திருகோணமலைக் கடல் என்றதும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும். எங்கள் குடாவோ அங்கிருந்து தெற்கே, உள்நாட்டுப் பக்கமாக, கிண்ணியாப் பாலத்துக்கு அப்பால் இருக்கிறது.

ஒரு வரிக் கடிதம். அதைப் பெறப் பட்ட பாடு கொஞ்சமல்ல. நகரத்தில் உள்ள அரச அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். எழுதுவினைஞர் என் விண்ணப்பத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “இது எங்களுடைய வேலை இல்லை மிஸ், கொழும்பில்தான் கேட்க வேண்டும்” என்றார். இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், காலையில் அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றேன். அங்கே இருந்தவர் மரியாதையானவர்; ஆனால் அவர் சொன்னது, “மாவட்ட அலுவலகம் உறுதிப்படுத்தாமல் நாங்கள் எப்படித் தர முடியும்?” என்பதுதான். போன ரயில் காசும் விடுப்பும் வீண். திரும்பி வந்து அதே எழுதுவினைஞரிடம் நின்றபோது பொறுப்பதிகாரி விடுமுறையில் இருந்தார். கடைசியில் கிடைத்த கடிதத்தில் தொடர்பு இலக்கம் இல்லை. அதைப் போடச் சொல்லி மறுபடியும் கொடுத்து வாங்கினேன். கடிதம் சிங்களத்தில் இருந்ததால் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போய் ஆங்கிலப் பிரதி எடுத்து, இரண்டையும் சேர்த்து அனுப்பினேன்.

இளையவர்களே, கடலில் கால் வைப்பதற்கு முன்பே இந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். திகதி, தொடர்பு இலக்கம், ஆய்வு இடத்தின் பெயர் மூன்றும் இருக்கின்றனவா என்று அலுவலகத்தைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே பாருங்கள். ‘இந்த ஆய்வுக்கு அனுமதி தேவையில்லை’ என்பதும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும்.

அதற்குப் பிறகு இணையத்தளத்தில் எங்கள் கட்டுரைக்கு நேரே ‘ஆசிரியர் அழைக்கப்பட்டுள்ளார்’ என்ற வாசகம் தோன்றியது. தோன்றி, மாதக்கணக்கில் அப்படியே நின்றது. கட்டுரை மதிப்பாய்வில் இருக்கிறது என்றே எங்கள் குழுவில் பலரும் நினைத்தார்கள். உண்மையில் அதைப் பொறுப்பேற்க ஒரு ஆசிரியரே அதுவரை கிடைக்கவில்லை.

பெரிய இதழ்கள் பலவற்றில் கல்விசார் ஆசிரியர்கள் வெளியே, தத்தம் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் வேலை செய்யும் விஞ்ஞானிகள். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு ஊதியம் கிடையாது. 2006இல் தொடங்கிய பிளொஸ் வன் போன்ற இதழ்கள் இத்தகைய வெளி ஆசிரியர்களை நம்பியே நடக்கின்றன. அலுவலகம் துறை பார்த்து அழைப்பு அனுப்பும். அவர் விரிவுரை, விடைத்தாள், சொந்த ஆய்வு எல்லாவற்றுக்கும் நடுவில் ஏற்கவோ மறுக்கவோ செய்வார். பதிலே போடாமல் விடுகிறவர்களும் உண்டு. ஏற்றுக்கொண்டவர்தான் கட்டுரையை வாசித்து, மதிப்பாய்வுக்கு அனுப்புவதா என்று முடிவுசெய்து, மதிப்பாய்வாளர்களைத் தேடிப் பிடித்து, அவர்களின் அறிக்கைகளை எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்கிறார். மதிப்பாய்வாளர்கள் ஆலோசனைதான் சொல்வார்கள். தீர்ப்பு அவருடையது.

காத்திருந்து பொறுமை இழந்து அலுவலகத்துக்கு எழுதினோம். முதல் கடிதத்துக்கு எங்கும் வரும் ஆயத்தப் பதில்தான் வந்தது. அடுத்த கடிதத்தில் பலன் கிடைத்தது. அதில் கட்டுரை இலக்கம், அனுப்பிய திகதி, இப்போதைய நிலை ஆகியவற்றை முதல் வரியிலேயே கொடுத்தோம். கூடவே இதழின் ஆசிரியர் குழுவிலிருந்து களப்பு உயிரியலில் வேலை செய்யும் சிலரின் பெயர்களைக் குறிப்பிட்டு, அவர்களில் யாருடனும் நாங்கள் கூட்டாக எழுதியதோ ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்ததோ இல்லை என்றும் எழுதினோம். அந்தப் பெயர்களை எப்படிக் கண்டுபிடித்தோம் என்றால், சில இதழ்கள் ஒவ்வொரு கட்டுரையிலும் அதைக் கையாண்ட ஆசிரியரின் பெயரை அச்சிடுகின்றன. சிப்பி, களப்பு பற்றிய பழைய கட்டுரைகளைப் புரட்டினால் யார் இந்தத் துறையை ஏற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். உட்கார்ந்து செய்தால் ஒரு மத்தியான வேலை. எங்களுக்கு அதுதான் கதவைத் திறந்தது.

ஆனால் கிடைத்த ஆசிரியர் யாரென்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. வந்த தீர்ப்பு: நிராகரிப்பு.

அறிக்கைகள் இரண்டு. முதலாமவர் சில்லறைத் திருத்தங்களோடு பிரசுரிக்கலாம் என்கிறார். இரண்டாமவர், பவளப்பாறைச் சூழலில் சேற்றுச் சிப்பி எப்படி இவ்வளவு அடர்த்தியாக இருக்க முடியும் என்று கேட்கிறார். குடாவில் பவளப்பாறையே இல்லை! முதலாம் படத்தில் வரைபடம் இருக்கிறது. தம்பலகாமம், கிண்ணியா என்று பெயர் போட்டிருக்கிறோம். அடிமண் சேறு என்று பட்டியலில் எழுதியிருக்கிறோம். அவர் புறாத்தீவை மனதில் வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறார். அதோடு, ஒரே ஆய்வுக் குழுவின் கட்டுரைகளை வரிசையாகப் பட்டியலிட்டு எல்லாவற்றையும் மேற்கோள் காட்டச் சொல்லியிருந்தார். அவற்றில் பலவற்றுக்கும் எங்கள் சிப்பிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மதிப்பாய்வாளர் தவறுவது நடக்கக்கூடியது. அதைக் கவனித்துத் தடுக்கத்தான் ஆசிரியர் இருக்கிறார். எங்களுக்கு வந்த கடிதத்தில் ஆசிரியரின் சொந்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ‘மதிப்பாய்வாளர்களின் கருத்துகளைக் கீழே காண்க’ என்பதோடு முடிந்தது. எதிரும் புதிருமான இரண்டு அறிக்கைகளில் ஏன் ஒன்றின் பக்கம் சாய்ந்தார் என்பதற்கு ஒரு சொல் இல்லை. படகுக்காரக் காக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது, “பவளமா? மகள், இந்தச் சேற்றில் இறங்கினால் முழங்கால் வரைக்கும் புதையும்” என்றார். அந்த ஆசிரியர் படகில் ஏறியிருக்கத் தேவையில்லை. வரைபடத்தைத் திறந்து பார்த்திருந்தாலே போதும்.

வேறு இதழுக்கு மாற்றிவிடலாம் என்று எங்கள் குழுவில் சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முறையாக இயங்கும் பல இதழ்களில் மேன்முறையீட்டுக்கு விதி உண்டு. எங்கள் இதழின் விதிகளிலும் இருந்தது. ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதினேன். மதிப்பாய்வாளரின் வாக்கியம், அதற்குக் கீழே எங்கள் வரைபடமும் பட்டியலும் சொல்வது, அதற்குக் கீழே இதழின் சொந்த விதி: கட்டுரையின் முக்கியத்துவத்தைப் பாராமல் ஆய்வுமுறை சரியா என்பதை மட்டுமே பார்ப்போம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். மேற்கோள் விவகாரத்தைத் தனிப்பத்தியாக, பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாமல் குறிப்பிட்டேன். கோபத்தைக் காட்டும் சொல் ஒன்றுகூட இல்லாதபடி திரும்பத் திரும்ப வாசித்து நீக்கினேன்.

மேன்முறையீடு ஏற்கப்பட்டது. வேறொரு கல்விசார் ஆசிரியரிடம் கட்டுரை போனது.

அவருடைய கடிதத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு அறிக்கைகளையும் வரிவரியாகப் படித்திருந்தார். பவளப்பாறை பற்றிய கருத்துக்குப் பதில் எழுதத் தேவையில்லை. பட்டியலிட்ட கட்டுரைகளில் பொருத்தமானதைச் சேர்க்கலாம், மற்றவற்றைச் சேர்க்கவேண்டிய கட்டாயம் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தார். அதே நேரத்தில் எங்களையும் சும்மா விடவில்லை. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நன்னீர் வந்து சேரும்போது குடாவின் உவர்த்தன்மை குறையுமே, அந்த அளவீடுகளைத் தனியாகக் காட்டாமல் சிப்பியின் எண்ணிக்கை குறைவதை எப்படி விளக்குவீர்கள் என்று கேட்டார். இரண்டு மதிப்பாய்வாளர்களும் கேட்காத கேள்வி அது. களக்குறிப்பேடுகளைப் புரட்டி மாதவாரியாகப் பிரித்தபோது கட்டுரை எங்கள் கண்ணுக்கே வேறொன்றாகத் தெரிந்தது. நல்ல ஆசிரியர் என்றால் அப்படித்தான்.

பதில் கடிதத்தில் ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்துப்போட்டு, கீழே பதிலும் திருத்திய வரி எண்ணும் கொடுங்கள். ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில் ஆதாரத்தோடு மறுக்கலாம். ஆசிரியர் அதைத்தான் எதிர்பார்க்கிறார். இதழ் உங்களிடம் வாங்கும் பிரசுரக் கட்டணத்தில் சலுகை வேண்டுமானால் கட்டுரை அனுப்பும்போதே கேளுங்கள். ஏற்ற பிறகு கேட்டால் பல இதழ்கள் தருவதில்லை. கட்டணம் கட்டினீர்களா இல்லையா என்பது நல்ல இதழ்களில் ஆசிரியருக்குத் தெரியாது, பயப்பட வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. நாங்கள் காத்திருந்த காலத்தில், சிறப்பிதழில் உடனே பிரசுரிக்கிறோம் என்று மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. சோர்ந்திருக்கும் நேரத்தில் கை நீளும். 2023இல் வைலி நிறுவனத்துக்குச் சொந்தமான ஹிந்தாவி இதழ்கள் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. பெரும்பாலானவை விருந்தினர் ஆசிரியர்கள் நடத்திய சிறப்பிதழ்களில் வந்தவை. அவற்றில் நேர்மையாக உழைத்து எழுதியவர்களின் பெயர்களும் அகப்பட்டிருக்கலாம் என்று நினைக்கும்போது வயிறு கலங்குகிறது. அழைக்கிறவர் யார், அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்தப் பொறுப்பு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் அனுப்பாதீர்கள்.

வெளிவந்த கட்டுரையின் முதல் பக்கத்தில் இரண்டாவது ஆசிரியரின் பெயர் இருக்கிறது. போன வாரம் அதே இதழிலிருந்து எனக்கு ஒரு மதிப்பாய்வு அழைப்பு வந்தது. கட்டுரை எதைப் பற்றியது என்பதை வெளியே சொல்லக் கூடாது. அன்று மாலையே ஏற்றுக்கொண்டு பதில் போட்டேன். முதலில் திறந்து பார்த்தது அவர்களுடைய வரைபடத்தை.