கொய்யாக் கிளையில் இறங்கிய கூட்டம்

போன வருடம் பிடித்த தேனீக் கூட்டம் பெட்டியில் ஒரே ராத்திரிதான் இருந்தது. மறுநாள் வெயில் ஏறியதும் மொத்தமாகக் கிளம்பிவிட்டது. பெட்டிக்கு உள்ளேயும் பெயின்ட் அடித்திருந்தேன். அந்த வாடையில் எது தங்கும்? பிடிப்பதைவிடத் தங்க வைப்பதுதான் வேலை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இந்த வருடம், மார்ச் மழை விழுந்து ஏற்காட்டில் காப்பி வெள்ளையாகப் பூத்திருந்த வாரம். நாகலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கொய்யா மரத்தில், கைக்கெட்டும் உயரத்தில், பலாப்பிஞ்சு மாதிரி தொங்கியது கூட்டம். அடுக்குத் தேனீதான், பெட்டியில் வளர்க்கிற நம்மூர் இனம். பிரிந்து வருகிற கூட்டம் வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வரும், காவல் காக்கத் தேனடையும் இருக்காது. அதனால் அவ்வளவாகக் கொட்டாது. இருந்தாலும் வலைத்தொப்பி போட்டுக்கொண்டேன்.

அடை கட்ட ஏழு மரச்சட்டம் கொண்ட, நியூட்டன் என்கிற வகைப் பழைய தேன்பெட்டி. உள்ளே தேன்மெழுகு தேய்த்தேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் எட்டிப் பார்த்து, "வெறும் பெட்டியில விட்டா நிக்காது தம்பி, நடுவுல ஒரு புழு அடை வைங்க" என்றார். சரி என்று என் இன்னொரு பெட்டியிலிருந்து, தேனீப் புழுக்கள் வளர்கிற அடையோடு ஒரு சட்டம் எடுத்து, ஒட்டியிருந்த ஈக்களை அங்கேயே உதறிவிட்டுக் கொண்டுவந்தேன்.

நடுச்சட்டங்களை எடுத்துவிட்டு, பெட்டியைக் கிளைக்கு நேர் கீழே பிடித்து ஒரே உதறு. பொத்தென்று விழுந்தது. சட்டங்களை நசுங்காமல் மெல்ல இறக்கி, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். சிறிது நேரத்தில் விளிம்பில் பத்துப் பன்னிரண்டு ஈக்கள் வரிசையாக நின்று, வாலைத் தூக்கி வாசனை விட்டுச் சிறகடிக்க ஆரம்பித்தன. அந்த வாசனை பிடித்து, சுற்றிப் பறந்தவை எல்லாம் உள்ளே நடந்து போயின. ராணி உள்ளே இருந்தால்தான் இப்படி நிலைக்கும். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

இருட்டியதும் மூடி, வாசலில் ராணி மட்டும் வெளியே வர முடியாத தகடு செருகினேன். கன்னி ராணியாக இருந்தால் இணைசேரப் பறக்க வேண்டும், அதனால் மூன்று நாளுக்கு மேல் தகட்டை வைக்கவில்லை. சர்க்கரையும் தண்ணீரும் சரிபாதி கரைத்து, கொட்டாங்குச்சியில் குச்சி போட்டுத் தினமும் சாயங்காலம் வைத்தேன். எறும்புக்காகத் தாங்குகால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணங்கள்.

ஏழாம் நாள் திறந்தேன். புழு அடைக்குப் பக்கத்துச் சட்டத்தில் உள்ளங்கை அளவு புது அடை, பால் வெள்ளையில். வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தால் அறைக்கு ஒன்றாக, நூல் துண்டு போல முட்டை நின்றது.