நுணலும் தன் வாயால் கெடும்

நேற்றிரவு பதினொன்றரை மணிக்கு, என் மாதிரி ரயில் அமைப்பில், பழுப்பு நிற மூடிய வேகன் யார்டின் மேற்குக் கோடிப் பாயின்ட்டை (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) 30வது முறையாகத் தடம் புரளாமல் கடந்தது. ஒவ்வொரு முறையும் தாளில் கோடு கிழித்து எண்ணினேன். 31வது முறை ஓட்டிப் பார்க்கத் துணிவில்லை. மின்சாரத்தை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

யார்டில் மொத்தம் 7 பாயின்ட்கள். எச்.ஓ. என்ற மாதிரி ரயில் அளவு, கோட் 83 என்ற உயரத்தில் தண்டவாளம், எல்லாம் ஒரே தயாரிப்பாளருடையவை. ஆறு சாதுவானவை. மேற்குக் கோடியில் இருப்பது மட்டும் மூன்று வாரமாக என் உயிரை வாங்கியது. நேர்வழியில் எது வந்தாலும் விட்டுவிடும். கிளைவழியில் திரும்பினால், அதுவும் இந்த ஒரு வேகன் திரும்பினால், முன்போகி (முன்பக்கச் சக்கரத் தொகுதி) ஃபிராக்கின் (இரு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் கூர்மூக்கு; ஆங்கிலத்தில் 'தவளை') மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதே வேகனை எதிர்த்திசையிலிருந்து இழுத்து வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் வரும்.

முதலில் வேகனைத்தான் சந்தேகப்பட்டேன். இடைவெளிகளைச் சோதிக்கும் அளவுத் தகட்டில் சக்கரங்களை வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தன. எடை போட்டேன், 80 கிராம்தான். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரைப்படி அடிப்படை 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 15 செ.மீ. நீள வேகன் ஏறக்குறைய 112 கிராம் இருக்கவேண்டும். உள்ளே இரும்பு நட்டுகளை ஒட்டி எடையைச் சரிசெய்தேன். அதன்பிறகும் புரண்டது, முன்பைவிடக் கனமாக. போகித் திருகுகளில் ஒன்றை இறுக்கி, மற்றதை நாலாபக்கமும் ஆடும்படி தளர்த்தினேன். பலனில்லை.

முடிச்சை அவிழ்த்தது என் மகள். செல்பேசியைத் தண்டவாள மட்டத்தில் படுக்கவைத்து மெதுவேகத்தில் படமெடுத்தாள். நான்கைந்து முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, சக்கரம் குதிக்கவில்லை. மூக்கில் மோதி அந்தப் பக்கம் போய்விடுகிறது" என்றாள். நான் இத்தனை நாளும் மேலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளைவில் திரும்பும்போது சக்கரங்கள் வெளித் தண்டவாளத்தை உரசிக்கொண்டு போகும். ஃபிராக் இருப்பதும் அந்த வெளித் தண்டவாளத்தில்தான். சக்கர விளிம்பு ஃபிராக்கின் கூர்மூக்கில் முட்டாமல் தடுக்க ஒரே காவல், எதிர்ப்பக்கத் தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் சிறு தண்டவாளமான செக் ரெயில். அது மறுபக்கச் சக்கரத்தின் முதுகைப் பிடித்து அச்சை உள்ளே இழுக்கவேண்டும். அளவுத் தகட்டை வைத்தால், என் செக் ரெயில் பள்ளத்தில் தகடு தொளதொளவென்று ஆடியது. என்.எம்.ஆர்.ஏ. 1935இல் தொடங்கியது. ஒருவர் செய்த வண்டி இன்னொருவர் பாதையில் ஓடட்டும் என்றுதான் அளவுகளை வகுத்தார்கள். அந்த அளவுகளை அட்டைப்பெட்டியில் பெருமையாக அச்சிடும் தயாரிப்பாளர் உள்ளே இருக்கும் பொருளையும் ஒருமுறை அளந்து பார்க்கலாம்.

மருந்து எளியது: 0.25 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் பட்டையைச் செக் ரெயிலின் உள்முகத்தில், அதாவது பெரிய தண்டவாளத்தைப் பார்க்கும் பக்கத்தில், ஒட்டவேண்டும். சொல்ல ஒரு வரி, செய்ய மூன்று மாலை. முதல் பட்டை தண்டவாளத்தின் தலையைவிட உயரமாக நின்றதால் இன்ஜினின் அடிப்பகுதி உரசியது. இரண்டாவதில் உடனடிப் பசை வழிந்து பள்ளத்தையே அடைத்துவிட்டது. ஊசியால் சுரண்டி எடுப்பதற்குள் கண் வலித்தது. மூன்றாவதில்தான் வழி புலப்பட்டது. பட்டையின் இரு நுனிகளையும் அரத்தால் சரிவாகத் தேய்த்து, கிடுக்கியால் பிடித்து இடத்தில் நிறுத்தி, பசையைக் குண்டூசி முனையில் தொட்டுப் பின்பக்க விளிம்பில் மட்டும் வைத்தேன். அது தானாகவே உள்ளே ஓடிப் பரவியது. நுனியைச் சரிக்காமல் விட்டால் சக்கரம் பட்டையின் முனையிலேயே முட்டி, ஒரு நோய்க்கு இரண்டு நோயாகிவிடும்.

வேகன் கடந்தது. கைதட்டினேன். பின்னாலேயே டீசல் இன்ஜின் வந்தது. ஃபிராக்கைத் தாண்டியதும் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் 'டிக்' என்று அணைந்தது. ஷார்ட்.

பிளாஸ்டிக் ஃபிராக் உள்ள பாயின்ட்களில் இது பழைய வியாதி. மூக்கைத் தாண்டிய உடனே எதிரெதிர் மின்முனை கொண்ட இரு தண்டவாளங்கள் நெருங்கி நிற்கும். 2.8 மி.மீ. அகலச் சக்கரம் இரண்டையும் ஒருசேர மிதித்தால் போதும். பழைய டி.சி. (நேர்மின்னோட்ட) முறையில் விளக்கு கண் சிமிட்டுவதோடு போய்விடும். டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் பூஸ்டர் பொறுத்துக்கொள்வதில்லை. நகப்பூச்சு தடவினேன். நான்கு நாள் தாங்கியது, பிறகு தேய்ந்துவிட்டது. மறுபடியும் தடவினேன். என் மனைவியின் நகப்பூச்சு இன்னும் எத்தனை நாள் வரும்?

சரி, அறுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். இரு தண்டவாளங்களையும் மூக்கிலிருந்து 15 மி.மீ. தள்ளி வெட்டி, நடுவில் தனித்துவிடும் துண்டுகளுக்குப் பாயின்ட்டைத் திருப்பும் மோட்டாரின் சுவிட்சிலிருந்து மின்சாரம் கொடுப்பது. அறுக்கும் வட்டு இரண்டு உடைந்தது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் பிழைத்தது. இடைவெளியில் பிளாஸ்டிக் துணுக்கைச் செருகித் தேய்த்தேன். இல்லையென்றால் வெயில் காலத்தில் தண்டவாளம் நீண்டு முனைகள் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் முடித்து மின்சாரம் கொடுத்தால் மறுபடியும் 'டிக்'. இம்முறை வண்டியே இல்லை!

தவளையின் வயிற்றில் கம்பி இருப்பதை மறந்துபோயிருந்தேன். பாயின்ட்டின் அடியில், மூக்குக்குப் பின்னால் உள்ள தண்டவாளங்களை முன்பக்கத்தோடு இணைக்கும் இரண்டு மெல்லிய கம்பிகள் தொழிற்சாலையிலேயே பற்றவைக்கப்பட்டவை. மேலே அறுத்தது வீண். அடிவழியே மின்சாரம் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. ஜல்லி போடாமல் சோம்பலாக இருந்தது அன்றுதான் உதவியது. ஒட்டியிருந்த வெள்ளைப் பசையைத் தண்ணீரால் ஊறவைத்து, அகலக் கத்தியை நுழைத்துப் பாயின்ட்டைப் பெயர்த்தேன். கார்க் பட்டையின் ஒரு செதிலும் கூடவே வந்துவிட்டது. இரு கம்பிகளையும் கத்தரித்து, புதிய கம்பியைப் பற்றவைத்து, திரும்ப ஒட்டினேன். சுவிட்சில் கம்பிகளை முதல் தடவை தலைகீழாக இணைத்தேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இடையில் மேல்தளக் கிளைப்பாதைக்கான பலகைகளை வெட்டிவிட்டேன். யார்டு முடியாமல் மேல்தளம் எதற்கு என்று மகள் கேட்டாள், பதில் இல்லை. சரிவு 2.5 சதவீதம், வளைவின் ஆரம் 60 செ.மீ. வளைவின் இழுபறி அதோடு இன்னொரு 1.3 சதவீதம் சேர்க்கும் என்பது பொழுதுபோக்காளர்களின் கைக்கணக்கு. ஆக, இன்ஜினுக்கு அது ஏறக்குறைய 4 சதவீத மலை. ஆரத்தைக் கூட்டினால் அறைக் கதவு திறக்காது. கதவையே கழற்றிவிடலாமா என்ற யோசனை வீட்டில் எடுபடவில்லை.

இன்று காலை 31வது முறை ஓட்டினேன். வேகன் கடந்தது. அதன் பின்னால் புதிதாகக் கோத்திருந்த எண்ணெய் டாங்கர் செக் ரெயிலில் இறுக்கிப் புரண்டது. தகட்டில் வைத்துப் பார்த்தேன், அதன் சக்கரங்கள்தான் அச்சில் அளவுக்கு மீறி நெருங்கியிருந்தன. முறுக்கி இழுத்துத் தள்ளிவைக்க இரண்டு நிமிடம் ஆனது.