நியோபியம்-டின் வயருக்குள்ள கிரெயின் எப்படி வளருது

நியோபியம்-டின்ங்கிறது ரொம்பக் குளிர்ல தடையே இல்லாம கரண்ட் கடத்தற ஒரு சூப்பர்கண்டக்டர். அதுக்கான வயரை இழுத்து முடிச்சு ஸ்பூல்ல சுத்தி வச்சிருக்கும்போது நமக்கு வேணும்ங்கிற அந்த நியோபியம்-டின் காம்பவுண்டே அதுக்குள்ள இருக்காது. வெண்கல முறைல செஞ்ச வயர்னா வெண்கலத்துக்குள்ள ஆயிரக்கணக்கான மெல்லிசு நியோபியம் இழைங்க, அவ்ளோதான். முதல்லயே காம்பவுண்ட் ஆக்கிட்டா லேசா வளைச்சாலே விரிசல் விட்டுடும், அதனால ஐட்டர்ங்கிற ஃப்யூஷன் ரியாக்டரோட காந்தக் காயில் மாதிரி பெரிய வேலைக்கெல்லாம் முதல்ல சுத்திட்டு அப்புறம்தான் 650 டிகிரி பக்கத்துல நாள்கணக்கா ஃபர்னஸ்ல வைக்கிறாங்க.

அந்த சூட்டுல வெண்கலத்துல இருக்கற டின் நியோபியத்துக்குள்ள போய் புது லேயர் உருவாகுது. அந்த லேயரை உடைச்சு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தா மிச்சம் இருக்கற நியோபியத்தை ஒட்டி நீள நீளமா தூண் மாதிரி கிரெயின் (அதாவது குட்டிக் குட்டிப் படிகம்), நடுவுல பொடிப்பொடியா உருண்டை கிரெயின், வெண்கலத்தை ஒட்டி பெருசு பெருசா. எனக்கு எப்பவும் கண்ணு போறது அந்த நடுப்பகுதிக்குத்தான், ஏன்னா கரண்ட் அதிகமா தாங்கறது அதுதான். காந்தப்புலம் இந்தப் பொருளுக்குள்ள மெல்லிய சுழல்களா நுழையும், கரண்ட் போகும்போது அதுங்க நகர ஆரம்பிச்சா எனர்ஜி வீணாகி சூடேறும், அதை நகர விடாம பிடிச்சு வைக்கிறது கிரெயின் பவுண்டரி, அதாவது ரெண்டு கிரெயின் சேர்ற எல்லை. கிரெயின் சின்னதானா பவுண்டரி நிறைய, பிடிமானமும் நிறைய. சாதாரணமா 100லேருந்து 200 நானோமீட்டர் சைஸ்ல இருக்கும்.

இன்னொரு விஷயம், டின் உள்ள போற வழியும் முக்கியமா இதே பவுண்டரிதான்! கிரெயின் பெருசாக ஆக வழி குறையுது, லேயர் வளர்ற வேகமும் குறையுது.

அப்ப குறைஞ்ச சூட்டுலயே வச்சா போதுமேன்னு தோணும். ஆனா அப்படி வச்சா டின் 25 சதவீத அணு அளவை எட்டாம நின்னுடும், அது குறைஞ்சா தாங்கற காந்தப்புலமும் குறையும். சூட்டை ஏத்தினா டின் சரியாகும், கிரெயின் ஊதிடும். இந்த இழுபறிலதான் ஒவ்வொரு ஹீட் ட்ரீட்மென்ட் ஷெட்யூலும் முடிவாகுது.

இதுலேருந்து வெளிய வர எனக்குப் பிடிச்ச வழி நியோபியத்துல 1 சதவீதம் ஜிர்கோனியம் கலந்து, டின் ஆக்ஸைடு பொடி மூலமா ஆக்ஸிஜன் குடுக்கறது. ஜிர்கோனியம் ஆக்ஸைடு துகள்கள் உள்ளுக்குள்ளயே உருவாகி கிரெயின் வளராம தடுக்குது, சைஸ் 100 நானோமீட்டருக்குக் கீழ வந்துடுது.